பலாமரத்தடி வால்வு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் வரும் என்று என் மனைவிதான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொன்னாள், நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். என் வீட்டுச் செய்தியை இப்போதெல்லாம் நான் இப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். ஒரு காலத்தில் எண்பத்து மூன்று வீட்டு அடுக்களையில் எது வேகிறது, எது வேகாமல் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

காரில் போகப் போவது என் மனைவியின் தங்கை, என் கொழுந்தியாள். எங்கள் வீட்டிலிருந்து சரிவில் இறங்கினால் கடைசி வீடு அவளுடையது. சகலை இறந்த பிறகு ஆறு வருடமாக அங்கே தனியாக இருந்தாள். பெங்களூரில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் வந்து, இடுப்பு ஒடிந்த அம்மாவை இனி தனியாக விட முடியாது என்று கூட்டிக்கொண்டு போகிறாள். வீட்டைப் பூட்டிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த இடுப்பு என்னால் ஒடிந்தது.

நான் அதைக் கேட்டது புதன்கிழமை. எனக்கு நான்கு நாள் இருந்தது. அதற்குள் அவள் என்னை ஒரே ஒரு தடவை 'அத்தான்' என்று கூப்பிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஏசட்டும், துப்பட்டும், நாசமாய்ப் போ என்று மண்ணை வாரி எறியட்டும். ஆனால் அத்தான் என்று சொல்லிவிட்டு எறியட்டும். அறுபத்தெட்டு வயதுக்காரன் ஏங்கிச் சாக இது ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் என்னிடம் யாரும் எதையும் கேட்டு ஒரு வருடத்துக்குப் பக்கமாகிறது.

அவள் என்னை அத்தான் என்று கூப்பிட்ட முதல் நாளையே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போயிருந்தோம். பாவாடை தாவணியில் நின்ற இந்தப் பெண் ஒரு தட்டில் இலையடை கொண்டுவந்து வைத்தாள். "அத்தானுக்குன்னு நானே செய்ததாக்கும்" என்றாள். வாழையிலையைப் பிரித்தால் உள்ளே மாவுமில்லை, சர்க்கரையுமில்லை. தேங்காய் மட்டையின் தும்பைத் திணித்து, வாழைநாரால் கட்டி, அவித்தும் வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று அவள் சிரித்த சிரிப்பில் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். கொழுந்தியாள் கேலிக்குக் கோபப்படுகிறவன் மனுஷனே இல்லை என்று என் மாமனார் அன்றைக்குச் சொன்னார். அவர் எதையோ பேச்சுக்குச் சொன்னார் என்று நினைத்தேன்.

ஆரம்பத்தில் நான் கெட்டவன் அல்ல. இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்குக் கை வரவில்லை. என் அப்பா சர்க்கார் குமஸ்தா, அவருடைய அப்பா மகாராஜா காலத்துக் குமஸ்தா, நானும் முப்பது வருடம் குமஸ்தா. பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, வெள்ளறடை தாண்டிக் கேரள எல்லையோர மலைப்பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் மாசி பிறந்தால் கிணறு வற்றும். பங்குனியில் மரச்சீனிக் கிழங்கு கழுவக்கூடத் தண்ணீர் இருக்காது. பெண்கள் குடத்தோடு ரப்பர் தோட்டத்துக் குளத்துக்கு இறங்குவார்கள். அதன் படி பூராவும் பாசி.

அப்போதுதான் ஊர்க்காரர்களே சமிதி அமைத்து நடத்துகிற குடிவெள்ளத் திட்டம், அதாவது குடிநீர்த் திட்டம் வந்தது. தோடு என்கிற ஓடையின் கரையில் கிணறு, பம்புஷெட், பாறைக்கு மேலே டாங்கி, அங்கிருந்து வீடு வீடாகப் பைப்பு. நெய்யாற்றின்கரைக்கும் காட்டாக்கடைக்கும் இரண்டு வருடம் பஸ்ஸில் அலைந்தது நான். எந்த மேஜையில் ஃபைல் தூங்கும், அதை எந்த வார்த்தை சொல்லி எழுப்பலாம் என்பது இன்னொரு குமஸ்தாவுக்குத்தான் தெரியும். சமிதியின் சட்டதிட்டமான நியமாவலியை மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக என் கையால் எழுதினேன். தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. இதென்ன பெரிய காரியம்? என் மனைவியின் பெயரை எழுதினேன்.

"ஒப்பு போட்டாப் போதும். வேற ஒண்ணும் ஒனக்கு வேண்டாம்" என்றேன்.

"வெள்ளம் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரும்."

போட்டாள். பதினோரு வருடம் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். செக்ரட்டரி நான். தலைவருக்கு எந்த நாளிலும் பொதுக்கூட்டம் கூட்டலாம், கைதூக்கி ஓட்டெடுத்து யாரையும் நீக்கலாம் என்று நியமாவலியில் எழுதி வைத்தேன். தலைவர் என்றால் என் மனைவி, என் மனைவி என்றால் நான். அப்படித்தான் என் கணக்கு. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாருக்கும் அதுதான் கணக்கு.

முதன்முதலில் தண்ணீர் வந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு பெண் குழாயடியில் சேலையோடு குத்தவைத்து, தலையில் தண்ணீரை விட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். யாரோ எனக்கு மாலை போட்டார்கள். கொழுந்தியாள் அத்தனை பேர் நடுவில் உரக்கச் சொன்னாள்: "மொட்டைப் பாறையில வெள்ளம் வந்தாச்சு. இனி அத்தானுக்க மொட்டைத் தலையிலயும் எதாவது முளைக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கும் நான் சிரித்தேன். அதுதான் நான் நல்ல மனிதனாக இருந்த கடைசி நாள் என்று தோன்றுகிறது.

கை நீளத்தில் ஒரு இரும்புச் சாவி உண்டு. தலைப்பக்கம் குறுக்குக் கம்பி. அதைத் தரையில் பதித்த வால்வுப் பெட்டிக்குள் விட்டு இடப்பக்கம் திருகினால் வால்வு திறக்கும், வலப்பக்கம் திருகினால் அடையும். மொத்தம் ஆறு கிளை, ஆறு வால்வு. அந்தச் சாவியைக் கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். முதல் தடவை ஒருவனுக்கு அடைத்தது நியாயமான காரணத்துக்கு. குடிக்கிற தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சினான். அவன் கிளையையே மூன்று நாள் அடைத்தேன். நாலாம் நாள் ரசகதலிக் குலையோடு வந்து முற்றத்தில் கும்பிட்டு நின்றான். பழம் நல்ல பழம். ஆனால் எனக்கு அந்தக் கும்பிடுதான் இனித்தது.

அதற்குப் பிறகு நியாயம் மெல்ல மெல்லக் காரணம் தேட ஆரம்பித்தது. டீக்கடையில் நான் போகும்போது பெஞ்சிலிருந்து எழாதவன் வீட்டில் தண்ணீர் நூலாக வரும். கல்யாணம் சொல்ல என் வீட்டுக்குக் கடைசியாக வந்தவர்களுக்குக் கல்யாணத்தன்று மோட்டார் கேடாகும். சித்தப்பா, மாமா என்று ஒவ்வொருவரும் உறவு சொல்லிச் சலுகை கேட்டதால், சமிதி காரியத்தில் உறவுமுறை சொல்லி அழைக்கக் கூடாது, சார் என்றுதான் அழைக்க வேண்டும் என்று பம்புஷெட்டில் இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டினேன். வாட்ஸாப் குழுவில் நான் ஒருவன்தான் அட்மின். மற்றவர்கள் படிக்கலாம், பதில் எழுத முடியாது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலில் பிடித்தேன், ஊரும் எனக்கு வழி விட்டது.

என் மனைவி ஒரு தடவை சொன்னாள். "பாருங்க, ஆளுக ஒங்களெ கண்டு எந்திக்கது மரியாதையில இல்ல. தொண்டை காயும்னு பேடிச்சிட்டாக்கும்." ஒனக்கென்ன தெரியும், சோற்றைப் போடு என்றேன். சோறு போட்டாள்.

எண்பத்து மூன்று வீட்டில் என்னைச் சார் என்று கூப்பிடாதது ஒரே ஒரு வாய். வழியில் பார்த்தால், "அத்தானே, இண்ணைக்கு யாருக்கு வெள்ளம் அடைச்சிய?" என்று கேட்கும். நான் முறைப்பேன். முறைத்தால் இன்னும் சிரிக்கும்.

போன மாசி மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். எங்கள் பொதுக்கூட்டம் எப்போதும் அங்கன்வாடியில்தான் நடக்கும், ஊரில் வேறு ஹால் கிடையாது. கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி அங்கே ஒன்றே ஒன்று. அதில் நான் உட்காருவேன். பக்கத்தில் ஸ்டூலில் தலைவர், அதாவது என் மனைவி. ஊர்க்காரர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு ஒரு புது நியமம் வாசித்தேன்: வீட்டில் விசேஷம் எதுவானாலும் ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால்தான் கூடுதல் தண்ணீர்.

பின்வரிசையில் கொழுந்தியாள் எழுந்தாள். "அத்தானே, எனக்கொரு சம்சயம். மரிக்கதுக்கும் ஏழு நாளு முன்ன எழுதித் தரணுமா? குளிப்பாட்ட வெள்ளம் வேணுமே."

ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. சாவி என் கைக்கு வந்த பிறகு அவளைத் தவிர என் முன்னால் யாரும் சிரித்ததில்லை. எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"இஞ்ச அத்தானும் இல்ல, கித்தானும் இல்ல. சாறேன்னு விளி" என்று கத்தினேன்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகி, வாயைக் கையால் பொத்தி, அரண்மனைச் சேவகன் மாதிரிக் குனிந்தாள். "வால்வு மகாராஜா சாறே! அடியாளுக்கு ஒரு குடம் வெள்ளம் கல்பிச்சுத் தரணும்!"

அங்கன்வாடிக் கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரித்தார்கள். கும்பிட்டவன், குலை கொண்டுவந்தவன், பெஞ்சிலிருந்து எழுந்தவன் எல்லாரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் திரும்பினேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிக் கிளையின் வால்வு பலாமரத்தடியில் இருக்கிறது. அந்தக் கிளையில் மூன்று வீடு. இரண்டு வீட்டுக்காரர்கள் கல்ஃபில், வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவது அவளுடையது. வலப்பக்கம் திருகி அடைத்தேன். சமிதிப் புத்தகத்தில் 'பைப் உடைப்பு, பழுது பார்க்க வேண்டும்' என்று என் அழகான குமஸ்தா எழுத்தில் எழுதினேன்.

அவள் வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். சத்தியமாக அவ்வளவுதான் என் எண்ணம். வந்து ஒரு தடவை 'சாறே, வெள்ளம் வரல்ல' என்றால் போதும், அந்த நிமிஷமே திறந்துவிடுவேன். தினமும் காலையில் பம்புஷெட்டில் உட்கார்ந்து சரிவைப் பார்ப்பேன். அவள் வரவில்லை. என் மனைவி கேட்டாள். பைப் பொட்டிப் போச்சு, சாமான் வரணும் என்றேன். அவள் நம்பி, தங்கைக்குக் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு குடம் இடுப்பில் வைத்துச் சரிவில் இறங்கினாள். முட்டுவலிக்காரி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அட பாவி, சாவி என் கையில் இருந்தது. பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேலையெடுக்க என் மனைவி பாலராமபுரம் போய்விட்டாள். கீழே குடம் போகவில்லை. கொழுந்தியாள் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக் குளத்துக்குப் போயிருக்கிறாள். என் வீட்டு முற்றத்துக் குழாய்க்கு வந்திருக்கலாம். வரவில்லை. ரப்பர் பால் எடுக்க வந்த வெட்டுக்காரர் அவளைப் படியில் கண்டபோது வெயில் ஏறியிருந்தது. குடம் ஒன்று குளத்தில் மிதந்ததாம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள்.

என் மனைவி மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். சேலைப் பை இன்னும் அவள் கையில் இருந்தது. நேரே உள்ளே போய், ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். பதினோரு வருடத்தில் அதை அவள் தொட்டதில்லை. நான் பின்னாலேயே போனேன். "எந்தப் பக்கம் திருக்கணும்?" என்று கேட்டாள். அவளே இரண்டு பக்கமும் திருகிப் பார்த்தாள். கீழே தங்கை வீட்டு முற்றத்தில் திறந்தபடி கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு விழுகிற சத்தம் பலாமரத்தடிவரை கேட்டது. எந்தப் பைப்பும் உடையவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் பொதுக்கூட்டம் கூட்டினார். நான் எழுதிய நியமாவலியை அவள் முழுக்கப் படித்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் போனபோது கைப்பிடி நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு குட்டி நாற்காலி மிச்சமிருந்தது. நடந்ததை நாலு வரியில் சொன்னாள், அழாமல் சொன்னாள். "செக்ரட்டரியெ மாத்தணும். சம்மதமுள்ளவங்க கை பொக்குங்க" என்றாள். முதல் கை அவளுடையது. பிறகு நான் எண்ணவில்லை. தூக்காத கை ஏதாவது உண்டா என்று மட்டும் பார்த்தேன்.

பதில் சொல்ல வேண்டும் என்று வேகமாக எழுந்தேன். குட்டி நாற்காலி இடுப்பில் மாட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை. அந்தக் கோலத்தில் எண்பது பேர் முன்னால் நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். வெட்டுக்காரர் வந்து நாற்காலியை இழுத்து எடுத்துக் கீழே வைத்தார். வாசலைத் தாண்டுவதற்குள் வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கொழுந்தியாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். முதல் ஆளாகப் போய் நின்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் வாக்கர். பாதி மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலைமுடியை ஒதுக்கினாள். "வாருங்க சாறே. இரிங்க" என்றாள்.

கேலி செய்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஹோவென்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் சிரிப்பு முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "சாருக்கு சாயா போடச் சொல்லட்டா?" என்றாள். அன்று முதல் இந்த எட்டு மாதமும் சார்தான். பம்புஷெட்டில் நான் ஒட்டிய காகிதத்தை எப்போதோ கிழித்துவிட்டார்கள். ஊரில் எல்லாரும் அண்ணன், மாமா என்று பழையபடி உறவுக்குத் திரும்பிவிட்டார்கள், என்னைத் தவிர்க்க முடியாமல் பேச நேர்ந்தால் என்னையும் அண்ணன், மாமா என்றே கூப்பிடுகிறார்கள். என் உத்தரவுக்கு மிச்சமிருந்த ஒரே பிரஜை அவள்.

சரி, அந்த நான்கு நாளுக்கு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு நடைபாதையில் விழுந்து கிடந்த ரப்பர் இலையெல்லாம் பெருக்கினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "சாறே, அதொண்ணும் வேண்டாம். இடுப்பு வலிக்கும்" என்றாள். இடுப்பு என்ற வார்த்தையை என்னிடம் சொல்லுகிறாளே, இதில் ஒரு குத்தல் இருக்குமோ என்று விளக்குமாற்றோடு நின்று யோசித்தேன். இல்லை. உண்மையாகவே என் இடுப்புக்காகத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை குழாயைச் சோதிக்கிற சாக்கில் போனேன். எனக்கு என்ன அதிகாரம் அதைச் சோதிக்க? "வெள்ளம் நல்லா வருது சாறே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. மகள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஒனக்குச் செய்தது மகாபாவம். நீ என்னெ நாலு ஏச்சு ஏசு மக்கா. செருப்பெ எடுத்து அடி."

"அய்யய்யோ, எந்திரிங்க சாறே. தரையில இரிக்காதீங்க."

"சாறேன்னு விளிக்காதே. என்னால தாங்க முடியல்ல."

அவள் குரலில் பழைய கேலி ஒரு துளி, ஒரே ஒரு துளி கிடைக்குமா என்று தெருநாய் மாதிரிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார் எனக்கு ஒரு தோஷமும் செய்யல்ல. நான் கூட்டத்துல தாறுமாறாட்டு பேசினேன். சார் நியமப்படி அடைச்சாரு. அதுக்குப் பிறவு நான் படியில வழுக்கினேன். அவ்வளவுதானே." போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்தப் படியில கெடக்கும்போ நான் அத்தானேன்னுதான் விளிச்சேன். ரெண்டு மூணு மட்டம் விளிச்சேன். பம்புஷெட்டு பக்கந்தானே, கேக்கும்னு நெனச்சேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் பம்புஷெட்டில்தான் இருந்தேன். அவள் வருகிறாளா என்று சரிவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படி வீட்டுக்கு வந்தேன் என்றும் ஞாபகமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு அந்த யோசனை வந்தது. பைத்தியக்காரத்தனம்தான். முங்கிச் சாகிறவன் புல்லைப் பிடிப்பான். கொல்லையில் வாழையிலை அறுத்தேன், தேங்காய் மட்டையைப் பிய்த்துத் தும்பு எடுத்தேன். அடுக்களையில் போய் இலையைத் தீயில் வாட்டினேன், முதல் இரண்டு இலை கருகிப் போயிற்று. மூன்றாவதில் தும்பை வைத்து மடித்து வாழைநாரால் கட்டினேன். அவிப்பதற்கு எந்தப் பாத்திரம் என்று தெரியவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அந்த அடுக்களையில் நான் ஒரு அடுப்பைப் பற்றவைத்ததில்லை. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பின் ஓரத்தில் தும்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இட்லிச் சட்டியில் தண்ணீர் வைத்து, தட்டைப் போட்டு, தீயைக் குறைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கார் வந்தது. மகள் பெட்டிகளை ஏற்றினாள். கொழுந்தியாள் வாக்கரில் ஒவ்வொரு அடியாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்தது. நான் தட்டை அவள் மடியில் வைத்தேன்.

"இலையடை. ஒனக்குன்னு நானே செய்ததாக்கும்" என்றேன்.

நாரை அவிழ்த்தாள். இலையை ஒரு பக்கம் விலக்கினாள், மறுபக்கம் விலக்கினாள். உள்ளே தும்பு. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஓரமாவது கோணாதா? களவாணி அத்தானே என்று ஒரு குரல் வராதா? அவள் தும்பைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, மறுவீடு, கதவு, சிரிப்பு, எல்லாம். அது அவள் முகத்தில் வந்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு இலையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள், நாரைத் திரும்பக் கட்டினாள், பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"போற வழியில திங்கலாம். ரொம்ப உபகாரம் சாறே" என்றாள்.

கார் கதவைப் பிடித்துக்கொண்டேன். மகள் பார்க்கிறாள், டிரைவர் பார்க்கிறார், எனக்கு எந்த வெட்கமும் இல்லை. "மக்கா, ஒரு மட்டம். ஒரே ஒரு மட்டம் விளிச்சிட்டுப் போ. இனி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று கெஞ்சினேன். அழுதேன்.

"சமயமாச்சு சாறே. வாறேன்" என்றாள். மகள் என் விரல்களைக் கதவிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். கார் பலாமரத்தைச் சுற்றித் திரும்பி ஏற்றத்தில் ஏறிப் போயிற்று.

அந்த வீடு பூட்டியாகிவிட்டது. கடைசிக் கிளையில் இனி ஆளில்லை. திறந்து கிடந்தால் தண்ணீர் வீணாகும், டாங்கி சீக்கிரம் காலியாகும், மேலே எண்பது வீட்டுக்குக் குறையும். நான் திரும்பியபோது என் மனைவி பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தச் சாவி. கூட்டத்துக்குப் பிறகு நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, எங்கே வைக்கிறாள் என்றும் தெரியாது. கனவில்கூட அதைத் தேடியிருக்கிறேன். அவள் அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே அடைச்சிருங்க" என்றாள். "பழகின கையாக்கும்."

வாங்கிக்கொண்டேன். பலாமரத்தடியில் குத்தவைத்து, பெட்டிக்குள் சாவியை விட்டு, வலப்பக்கம் திருகினேன்.